ஆளுக்கு ஒரு சாவி

இல்ல கண்ணு, போன்ல தெரிஞ்ச அந்தப் புள்ள ஊமை இல்ல, எம் பேத்தி அது. நீ எட்டிப் பாத்தப்ப கையாலயே பேசிக்கினு இருந்துச்சி பாரு, அத வெச்சிக் கேக்கற. கேட்டா தப்பு இல்ல. எதிர் வூட்டுக்காரியும் இதத்தான் கேட்டா, அவளுக்கு நான் பதில் சொல்லல. கேக்கும்போதே உச்சு கொட்டிட்டா, அதுக்கப்பறம் நான் இன்னாத்த சொல்றது. நீ அப்படி இல்ல. எனக்கு லீவு வர்ற அன்னிக்கெல்லாம் உன் போன்ல இருந்து நெட்டு வுட்டுக் குடுக்கற. உனக்குச் சொல்லணும். உக்காரு, இந்த மல்லாட்டக் கடலைய உரிச்சிக்கினே பேசலாம். கொழாயில தண்ணி வர்ற வரைக்கும் எனக்கு வேற வேல இல்ல.

காது கேக்காதது எம் பொண்ணுக்கு. பொறவியிலயே அப்படி. மருமவனுக்கும் கேக்காது, ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சவங்க. கல்யாணத்துல மேளக்காரன் அந்த அடி அடிக்கறான், சுத்தி நிக்கற சனம் பூரா காதப் பொத்திக்கினு நிக்குது, பொண்ணும் மாப்ளையும் மட்டும் ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சிரிச்சிக்கினு உக்காந்திருக்குதுங்க. எங்க வூட்டுக்காரரு சொன்னாரு, இந்த மண்டபத்துல நிம்மதியா இருக்கறது இவங்க ரெண்டு பேருதான்னு. அவரு இருந்தவரைக்கும் எல்லாத்துக்கும் ஒரு பேச்சு வெச்சிருப்பாரு. பேத்தியப் பாக்காமயே போய்ட்டாரு.

பேத்திக்கு ரெண்டு காதும் நல்லா கேக்கும். பொறந்த கொஞ்ச நாள்லயே நான் ஒரு எவர்சில்வர் தட்டக் கீழ போட்டுப் பாத்தேன். தூக்கி வாரிப் போட்டுக்கினு அழுதுச்சி. எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவே இல்ல, தட்ட எடுத்து இன்னொரு வாட்டி போடப் போனேன், எம் பொண்ணு கையப் புடிச்சிக்கினா. அவ கண்ணுலயும் தண்ணி. புள்ளைக்குக் கேக்குதுன்னு அழுதாளா, இந்தப் புள்ள நம்மள மாதிரி இல்லியேன்னு அழுதாளா, அத நான் கேக்கல.

அவங்க இருக்கறது திருப்பூருல. மருமவனுக்கு பனியன் கம்பெனியில நைட்டு சிப்ட்டு. எம் பொண்ணு வூட்லயே உக்காந்து நூலு வெட்டற வேல செய்யறா. லைன் வூடு அது. அக்கம் பக்கத்துல இருக்கறது பூரா வடக்க இருந்து வந்து வேல செய்யற சனம், நல்ல சனம், ஆனா அவங்க பேசறது இந்தி. டிவி இருக்குது. ஆனா சத்தம் எவ்ளோ வெச்சிருக்கோம்னு இவங்களுக்குத் தெரியாது இல்ல, ஒரு வாட்டி பக்கத்து வூட்டுக்காரங்க வந்து கதவத் தட்டிட்டாங்க, அன்னில இருந்து சத்தமே இல்லாம ஓடுது. அப்போ அந்தப் புள்ளைக்குத் தமிழு யாரு குடுக்கறது, சொல்லு. அங்க ஒரு டாக்டரம்மா எம் பொண்ணுக்கு எழுதியே காட்டிட்டாங்களாம். தெனமும் யாராச்சும் வாய் தொறந்து இந்தப் புள்ளகிட்டப் பேசணும், இல்லன்னா பேச்சு வர்றது தள்ளிப் போவும்னு.

யாராச்சும்னா யாரு, நான்தான். அடுத்த நாள்ல இருந்து நான்தான்.

இப்போ கேளு, இதுலதான் பேஜாரு. இந்த போனு எங்க வூட்டுக்காரரு வெச்சிருந்தது. தொறந்தா இன்னும் அவரு மொகம்தான் வருது. அவரு போனப்பறம் ஒரு மழையில நனைஞ்சி, சிம்மு எடுக்கறத வுட்டுடுச்சி. பஸ் ஸ்டாண்டு கடக்காரரு தொறந்து பாத்துட்டு, "பாட்டி, இதுல இனிமே வைஃபை மட்டும்தான் வரும்"னுட்டாரு. எனக்கு ஒரு பட்டன் போனு இருக்குது, ஆனா காது கேக்காத பொண்ணுகிட்ட பட்டன் போன்ல இன்னா பேசறது. எழுதி அனுப்பலாம்னா எனக்கு எழுத்து தெரியாது. அவளுக்கு நான் வேணும்னா என் மூஞ்சியும் கையும் தெரியணும். அவங்க வூட்லயும் ஒரே போனுதான். மருமவன் காலைல வந்து மத்தியானம் வரைக்கும் தூங்குவாரு, சாயங்காலம் போனத் தூக்கிக்கினு கெளம்பிடுவாரு. நான் வேல முடிஞ்சி விழுப்புரத்துல இருந்து ரயிலேறி இங்க திண்டிவனம் வந்து சேர்றதுக்குள்ள அங்க போன் இருக்காது. மத்தியானம் ஒரு மணி, அது ஒண்ணுதான் எங்களுக்கு வாச்ச நேரம்.

அந்த நேரத்துல நான் ஆஸ்பத்திரியில இருப்பேன். தனியார் ஆஸ்பத்திரி, நான் அங்க கீழ்த் தளத்துல கூட்டித் தொடைக்கற வேல. கீழ டவரு எடுக்காது, யாரு போன்ல இருந்தும் நெட்டு வாங்க முடியாது. ஆனா வைஃபை இருந்துச்சி. ஊருக்கே இருந்துச்சின்னு சொல்லணும். ஒரே பாஸ்வேர்டு, ஆஸ்பத்திரி பேரும் ஒண்ணு ரெண்டு மூணும். டாக்டருக்கும் அதான், லேபு கம்ப்யூட்டருக்கும் அதான், எனக்கும் அதான். ஆட்டோக்காரங்க வாசல்ல நின்னுக்கினே படம் பாப்பாங்க. எதிர்ல டீக்கடக்காரரு இருக்காரே, அவரு பஜ்ஜி வடைன்னு எழுதற பலகையில கீழ சாக்பீஸ்ல இந்தப் பாஸ்வேர்டயும் எழுதி வெச்சிட்டாரு. கேட்டதுக்கு, "வர்ற சனம் எல்லாம் என்னையே கேக்குது ஆயா, நானும் எத்தினி வாட்டிதான் சொல்றது"ன்னாரு.

மாடிப்படிக்குக் கீழ மாப்பு, வாளி வெக்கற எடம் ஒண்ணு இருக்குது. அதான் என் பள்ளிக்கூடம். ஒரு மணிக்கு அங்க குந்திக்கினு போனப் பக்கெட்டு மேல சாய்ச்சி வெச்சிடுவேன். புள்ளைக்கு எதனா காட்டணுமே, அங்க இருக்கறதத்தான் காட்ட முடியும். கண்ணு, எந்தப் புள்ளையாவது மொதல்ல பினாயிலுன்னு சொல்லுமா? எம் பேத்தி சொன்னா. பினாயிலு, மாப்பு, வாளி. எனக்கு சிரிப்பு தாங்கல. நர்சுங்க எல்லாம் ஓடியாந்து பாத்தாங்க. ஆயான்னு அதுக்கப்பறம்தான் சொன்னா. அதுவும் மொதல்ல கையாலதான். எம் பொண்ணு சின்ன வயசுல இருந்து என்னக் கூப்பிடணும்னா மூக்கத் தொடுவா, என் மூக்குத்திக்கு. அதையே பாத்து இதுவும் மூக்கத் தொட்டுச்சி. நான் விடல. "வாயால சொல்லு, ஆ-யா"ன்னு தெனமும் அடம் புடிச்சேன். ஒரு நாளு மூக்கையும் தொட்டுக்கினு வாயாலயும் சொல்லிச்சி. எம் பொண்ணு பக்கத்துலயே இருப்பா. புள்ள வாய் தொறந்தா ஒடனே அது கழுத்துல ரெண்டு வெரல வெச்சிப் பாப்பா. சத்தம் போடும்போது அங்க அதிரும் இல்ல, அது அவளுக்குத் தெரியும். தெரிஞ்ச ஒடனே என்னப் பாத்துத் தலைய ஆட்டுவா.

திருவக்கரை அம்மனுக்கு வேண்டிக்கினு இருந்தேன், புள்ள பேசினா பௌர்ணமிக்கு வந்து வெளக்கு போடறேன்னு. போட்டேன். அவங்களும் ஊருக்கு வந்திருந்தாங்க. அங்கதான பக்கத்துலயே அந்தக் கல்லு மரம் எல்லாம் கெடக்குது, மரமா இருந்ததெல்லாம் கல்லா மாறிப் போயி. எம் பொண்ணு அத தடவித் தடவிப் பாத்துட்டு எங்கிட்டக் கையால கேக்கறா, இது மரமா இருந்தப்ப சத்தம் போட்டிருக்குமான்னு. பேத்தி மேல ஏறிக்கினு "மாப்பு, மாப்பு"ங்குது. நீட்டமா இருக்கறதெல்லாம் அதுக்கு மாப்பு.

சரி, வெசயத்துக்கு வர்றேன். ஒரு நாளு காலைல ரிசப்ஷன்ல ஒரு அம்மா வந்து குந்தியிருந்தாங்க. பக்கத்து ஊரு, வெவசாயக் குடும்பம். கத்தல, கூச்சல் போடல. அவங்க பொண்ணுக்கு நிச்சயம் பண்ணி இருந்துச்சாம். அந்தப் பொண்ணு நம்ம ஆஸ்பத்திரியில ரத்தம் குடுத்துப் பாத்த ரிப்போர்ட்டு எப்படியோ மாப்ள வூட்டுக்காரங்க போனுக்குப் போயிருக்குது. கல்யாணம் நின்னு போச்சி. இன்னா வியாதின்னு கேக்காத, நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொருத்தரா அதச் சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பொண்ணு இப்ப வெளிய தலகாட்டாம கெடக்குது. நான்தான் அந்தம்மாவுக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தேன். வாங்கி மடியில வெச்சிக்கினாங்க, குடிக்கல. "நாங்க டாக்டர்கிட்டதாம்மா காட்டினோம், ஊருக்கா காட்டினோம்"னு எங்கிட்ட கேட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் குந்தியிருந்துட்டுத்தான் போனாங்க.

அப்பறம் விசாரிச்சா, டீக்கடையில குந்திக்கினு எவனோ அந்த வைஃபை வழியாவே லேபு கம்ப்யூட்டருக்குள்ள பூந்து எடுத்திருக்கான். பலகையில எழுதிப் போட்ட சாவிதான. டீக்கடக்காரரு அன்னிக்கே ஈரத்துணியால அத அழிச்சிட்டாரு. அதுக்கப்பறம் ரொம்ப நாளு அவரு யாரு மொகத்தையும் பாத்து டீ குடுக்கல.

அதுக்கப்பறம்தான் பாண்டியில இருந்து ஒரு மேடம் வந்தாங்க, நெட்டு எல்லாம் சரி பண்றவங்க. முப்பது வயசு இருக்கும். ஸ்கூட்டர்ல வருவாங்க, ஹெல்மெட்டக் கழட்டிக் கையிலயே மாட்டிக்கினு மாடி மாடியா ஏறி எறங்குவாங்க. கேன்டீன்ல எல்லாரையும் நிக்க வெச்சிப் பேசினாங்க. நானும் தொடப்பத்தோட ஓரமா நின்னேன். "இதுவரைக்கும் ஒரே சாவி, எல்லாருக்கும். இனிமே ஆளுக்கு ஒரு சாவி, ஆளுக்கு ஒரு பேரு. பழைய பாஸ்வேர்டு வெள்ளிக்கெழமையோட செத்துடும். நீங்க யாருன்னு ஆஸ்பத்திரி கேக்கும். அதே மாதிரி, இது நெஜமாவே நம்ம ஆஸ்பத்திரி நெட்டுதானான்னு உங்க போனும் கேக்கணும். ரெண்டு பேரும் கேட்டு, ரெண்டு பேரும் நம்பினாதான் கதவு தொறக்கும்"னாங்க. யாருக்கும் ஏறல. "கரண்டு ஆபீசுன்னு சொல்லிக்கினு ஒருத்தர் உங்க வூட்டுக்கு வந்தா கார்டு காட்டச் சொல்லுவீங்க இல்ல, அது மாதிரி"ன்னாங்க. கேன்டீன் சமையக்காரரு சொன்னாரு, "யாரு மேடம் கார்டு கேக்கறது, கரண்டக் கட் பண்ணிடப் போறாருன்னு மொதல்ல டீ போட்டுக் குடுப்போம்." எல்லாரும் சிரிச்சாங்க. மேடமும்தான். சிரிச்சிட்டு, "அதத்தான் சொல்றேன்"னாங்க.

வெள்ளிக்கெழம சொன்ன மாதிரியே செத்துடுச்சி. நாங்க கூட்டறவங்க எல்லாம் கான்ட்ராக்ட்டு ஆளுங்க, எங்களுக்குப் பேரும் இல்ல சாவியும் இல்ல. சனிக்கெழம ஒரு மணிக்கு நான் படிக்குக் கீழ போனப் பாத்துக்கினு குந்தியிருக்கேன், அது சுத்துது, சுத்துது, நிக்குது. அங்க எம் பொண்ணு புள்ளைக்குத் தல வாரிப் பொட்டு வெச்சிக் காத்துக்கினு இருப்பா. அப்பதான் வார்டு நர்சு ஒண்ணு வந்துச்சி. சின்னப் பொண்ணு, நல்ல பொண்ணு, பினாயிலு கேட்டு மொதல்ல சிரிச்சது அதுதான். "இன்னா ஆயா, இன்னிக்கு கிளாசு இல்லியா"ன்னு கேட்டுச்சி. சொன்னேன். "அட, இதுக்கா, குடுங்க"ன்னு வாங்கி, அது பேரையும் அது சாவியையும் என் போன்ல போட்டுக் குடுத்துடுச்சி. அடுத்த நிமிசம் பேத்தி மொகம் வந்துச்சி.

எங்க ஊர்ல இத யாரு தப்புன்னு நெனப்பா, நீயே சொல்லு. கோயிலுக்கு வர முடியாதவங்க பேரு நட்சத்திரம் சொல்லி நாம அர்ச்சன பண்றதில்லியா. சாமியே ஏத்துக்குது. அப்படித்தான் அதுவும் குடுத்துச்சி, நானும் வாங்கிக்கினேன். அப்பறம் கொஞ்ச நாளு புள்ள நல்லா தேறிக்கினு வந்துச்சி. ரெண்டு வார்த்த சேத்துப் பேச ஆரம்பிச்சிடுச்சி. "ஆயா வா." "மாப்பு தா." மாடியில டோக்கனு கூப்பிடறது போன்ல கேக்கும் இல்ல, அதையும் திருப்பிச் சொல்லும், மூக்கால.

மேடம் ஒரு நாளு யாருக்கும் சொல்லாம ஒரு வேல பண்ணாங்க. கேன்டீன்ல சாம்பார் வாளி பக்கத்துல ஒரு சின்னப் பொட்டிய வெச்சிட்டாங்க. அதுல இருந்து ஒரு பொய் நெட்டு வருது, அச்சு அசல் ஆஸ்பத்திரி பேர்லயே. எல்லார் போனும் கேட்டிருக்குது, இத நம்பலாமான்னு. எல்லாரும் சோத்தப் பெசைஞ்சிக்கினே எடது கையால ஓகே அமுத்தி இருக்காங்க. பேரு, சாவி எல்லாம் அந்தப் பொட்டிக்குள்ள போயிடுச்சி. டாக்டரு, அக்கவுண்ட்சு, மேனேஜரு, ஒருத்தர் மிச்சம் இல்ல. மேனேஜரக் கூப்பிட்டு அவரு சாவிய மேடம் மெதுவா காதுல சொல்லவும், அவருக்கு மொகம் வெளுத்துப் போச்சி. அது அவரு பொண்டாட்டி பேராம்.

எல்லாரும் அதச் சொல்லிச் சிரிச்சிக்கினு இருக்காங்க, ஆனா அந்தப் பொட்டிக்குள்ள நர்சுப் பொண்ணு பேரு ரெண்டு போன்ல இருந்து போயிருக்குது. ஒண்ணு அதோட போனு. இன்னொண்ணு என் போனு. பழைய போனு இல்லியா, அதுக்குக் கேக்கவே தெரியல. யாரு கூப்பிட்டாலும் சொந்தக்காரன்னு நெனச்சிக்கினு அதுவா போய்ச் சொல்லிடுச்சி.

மறுநாளு ஒரு மணிக்கு மேடம் படிக்குக் கீழ வந்து நின்னுட்டாங்க. நான் பேத்திகிட்டப் பேசிக்கினு இருக்கேன். அவங்க நெழலு விழுந்தப்பறம்தான் நிமிந்தேன். அவங்க, பேசுங்கன்னு கையக் காட்டிட்டு நின்னாங்க. ஒரு கையால எம் பொண்ணுக்குச் சொல்றேன், வாயால பேத்திக்குச் சொல்றேன், மேடம் ரெண்டையும் மாறி மாறிப் பாக்கறாங்க. பேத்தி அவங்க கையில இருந்த ஹெல்மெட்டப் பாத்துட்டு "சட்டி"ன்னுச்சி. மேடம் சிரிச்சிட்டாங்க. குனிஞ்சி அவங்களும் மொகத்தக் காட்டினாங்க. "யாது?"ன்னு கேக்குது. "நான் நெட்டு அக்கா"ன்னாங்க. "நெட்டு"ன்னுச்சி புள்ள. அழகா சொல்லிச்சி. எம் பொண்ணு கழுத்துல வெரல் வெச்சிப் பாத்துட்டுத் தலைய ஆட்டினா. அதோட மருமவனுக்குச் சோறு போடணும்னு வெச்சிட்டா.

அதுக்கப்பறம்தான் மேடம் நர்சுப் பொண்ண வரச் சொன்னாங்க. அது வந்து என்னையும் போனையும் பாத்ததும் அழுதுடுச்சி. "ஆயாதான மேடம்"னுச்சி.

"ஆயான்னு எனக்குத் தெரியுது. நெட்டுக்குத் தெரியாது. அதுக்கு நீங்க ரெண்டு எடத்துல இருக்கீங்க. நாளைக்கு இந்த போன் ரயில்ல தொலைஞ்சா, எடுக்கறவன் உங்க பேர்ல வார்டுக்குள்ள வந்து நிப்பான். அவன் எடுக்கற ரிப்போர்ட்டுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். இப்பவே மேனேஜருக்குத் தெரிஞ்சா உங்களுக்கு வேல இருக்காது."

"ஒரே ஒரு போனு மேடம். தெனமும் கொஞ்ச நேரம்."

மேடத்துக்கும் மனசு வரல, எனக்குத் தெரிஞ்சிது. நகத்தக் கடிச்சிக்கினு போனையே பாத்துக்கினு நின்னாங்க. எனக்கு அப்போ அந்த ரிசப்ஷன்ல குந்தியிருந்த அம்மாதான் கண்ணு முன்னாடி வந்தாங்க. மடியில தண்ணி டம்ளரோட. அவங்க பொண்ணுக்கும் ஒரு அம்மா, எம் பொண்ணுக்கும் ஒரு அம்மா. இந்த நர்சுப் புள்ளையும் எவளோ ஒருத்தி பெத்ததுதான். நான் போன எடுத்து நீட்டினேன். "எடுத்துடு தாயி"ன்னேன்.

அவங்க ஒடனே எடுக்கல. "இருங்க ஆயாம்மா, இது நெஜ நெட்டுதானான்னு கேக்கற புது மொற இந்த போன்ல ஏறுதான்னு பாக்கறேன், ஏறிச்சின்னா உங்களுக்குன்னு ஒரு பேரு நான் கேட்டு வாங்கித் தர்றேன்"னு சொல்லி, அந்தப் பக்கெட்டு மேலயே குந்திட்டாங்க. சாப்பிடப் போகாம அதையே நோண்டிக்கினு இருந்தாங்க. நான் பக்கத்துல நின்னு, திருவக்கரை அம்மன வேண்டிக்கினேன். ஏறல. பேரும் சாவியும் சொல்லத் தெரியுமாம், ஆனா இந்தப் புதுப் பூட்டத் திருப்பிக் கேக்கறதுக்கு வேண்டியது இந்த போன்ல இல்லவே இல்லியாம். கடைசில நர்சு பேர அழிச்சிட்டு, போனத் தொடச்சி என் கையில வெச்சாங்க. தொறந்தா எங்க வூட்டுக்காரரு மொகம் வந்துச்சி. "யாரு ஆயாம்மா"ன்னு கேட்டாங்க, சொன்னேன். மேனேஜர்கிட்ட அவங்க இந்தப் பேச்சையே எடுக்கல, எல்லா போனும் சரி பண்ணியாச்சின்னு மட்டும் சொல்லிட்டாங்க. நர்சு வேல தப்பிச்சிது.

போறதுக்கு முன்னாடி, புது போனு வாங்குங்க, பேரு வாங்கித் தர்றேன்னுதான் சொன்னாங்க. கூட்டற சம்பளத்துல ஒடனே எங்க வாங்கறது, அதுக்குள்ள அவங்க வேல முடிஞ்சி பாண்டிக்குப் போய்ட்டாங்க. நான் அப்பறம் மேனேஜர்கிட்ட வாய வுட்டுக் கேட்டேன். "கான்ட்ராக்ட்டு ஆளுங்களுக்குக் கெடையாது ஆயா, அதுதான் இப்போ ரூல்சு"ன்னுட்டாரு. அவரு மேலயும் கோவம் இல்ல. பொண்டாட்டி பேரு வெளிய போன மனுசன், பயந்துதான இருப்பாரு.

எம் பொண்ணுக்குச் சொல்றதுதான் பெரும்பாடா போச்சி. எனக்கு எழுதத் தெரியாது, அவளுக்குக் கேக்காது. நர்சுப் பொண்ணுதான் அது போன்ல இருந்து எழுதி அனுப்பிச்சி. இன்னா எழுதணும் ஆயான்னு கேட்டுச்சி. ஆயாவுக்கு இங்க நெட்டு இல்லன்னு எழுது, புள்ளைய எதிர்பாக்க வெக்காதன்னு எழுதுன்னேன். வேற எதனா இருக்கான்னுச்சி. அனுப்பிடுன்னேன். அப்பறம் அந்தப் பொண்ணையும் நைட்டு டூட்டிக்கு மாத்திட்டாங்க. ஒரு நாளு ரெண்டு நாளு டீக்கடக்காரரு அவரு போன்ல இருந்து நெட்டு குடுத்தாரு, பாவம், அவருக்கும் எதனா பண்ணணும்னு இருந்துச்சி. ஆனா அங்க பஸ்ஸு சத்தத்துல நான் சொல்றது புள்ளைக்குக் கேக்கல, பயந்து அம்மா மடியில மூஞ்சிய வெச்சிக்கிச்சி. மத்தியானத்துல வெளிய போவக் கூடாதுன்னு சூப்பர்வைசரும் சொல்லிட்டாரு. அதோட நின்னுச்சி.

நீ இந்தப் பக்கத்து வூட்டுக்குக் குடி வர்ற வரைக்கும் நான் பேத்தி மொகத்தப் பாக்கல.

உனக்கு ஞாபகம் இருக்குதா, வந்த ரெண்டாவது நாளே, "ஆயா, போன வெச்சிக்கினு செவுத்தப் பாத்துக்கினு இருக்கீங்களே"ன்னு கேட்டு நெட்டு வுட்டுக் குடுத்த. உன்னுது ஒரே சாவி போடற பழைய பூட்டு, என் போனு டக்குனு எடுத்துக்கிச்சி. பேத்தி மொகம் வந்துச்சி. வளந்துட்டா. "ஆயா சொல்லு"ன்னேன். மூக்கத் தொட்டா. "வாயால சொல்லு தங்கம்"னேன். மறுபடியும் மூக்கத் தொட்டா. பினாயிலு பாட்டில எங்க தேடறது, இந்தக் கொடத்தக் காட்டினேன், வாளியக் காட்டினேன். எல்லாத்துக்கும் கைதான். அழகா காட்டறா, எம் பொண்ணு சின்ன வயசுல காட்டின மாதிரியே. நான் சிரிச்சிக்கினேதான் இருந்தேன். வெச்சப்பறம் நீ வந்து போனக் கேட்டப்ப, கண்ணுல தூசின்னு சொன்னேன் பாரு, அன்னிக்கு.

எம் பொண்ணு அப்பறம் சொன்னா. ஆயா வராம போனப்பறம் புள்ள வாயே தொறக்கலியாம், அதனால பால்வாடியில கொண்டு போய் வுட்டுட்டாளாம். அங்க நல்லா பேசுதாம். டீச்சரு எழுதிக் காட்டினாங்களாம், இவ வாய மூடறதே இல்லன்னு. அப்போ எங்கிட்ட ஏன் பேச மாட்டேங்குது? நான் யோசிச்சி யோசிச்சிப் பாத்தேன். அது வூட்ல போன்ல யாரு பேசினாலும் கையாலதான பேசுவாங்க. அப்பனும் அப்படித்தான், ஆத்தாளும் அப்படித்தான். வாயால பேசினது நான் ஒருத்திதான். நடுவுல நான் இல்லாம போய்ட்டேன். போனுன்னாலே கையால பேசறதுன்னு நெனச்சிக்கிச்சி. அது மேல இன்னா தப்பு.

அதனால போன வாரம் எம் பொண்ணுகிட்டக் கையாலயே கெஞ்சினேன். ஒரே ஒரு வாட்டி போன எடுத்துக்கினு பால்வாடி ஜன்னல்கிட்டப் போயி நில்லு, அது பேசறத நான் கேக்கணும்னு. இன்னிக்குப் போனா கண்ணு. நீ எட்டிப் பாக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான். வெயில்ல நடந்து போயி, போன ஜன்னல் கம்பிக்குள்ள நீட்டிக்கினு நின்னா. உள்ள புள்ளைங்க எல்லாம் ஒண்ணா சேந்து பாட்டு பாடுதுங்க. அத்தினி புள்ளைங்களும் ஒரே சத்தம். திரையில தலைங்கதான் தெரியுது, எம் பேத்தி எங்கியோ நடுவுல. நான் போனக் காதுகிட்ட வெச்சிக்கினு எவ்வளவோ பாத்தேன். எது அதோட கொரலுன்னு எனக்குத் தெரியல. நெட்டுன்னு சொன்னப்ப ஒரு கொரல் இருந்துச்சே, அதத் தேடினேன். ஆறு மாசத்துல கொரலும் மாறி இருக்கும் இல்ல.

பாட்டு முடிஞ்சிதும் எம் பொண்ணு போனத் திருப்பி அவ மொகத்தக் காட்டறா. வேர்த்துக் கொட்டுது, மொகமெல்லாம் சிரிப்பு. காதத் தொட்டுக் காட்டிக் கேக்கறா, கேட்டுச்சா அம்மான்னு. அவ வாழ்நாள்ல கேக்காத ஒண்ண எனக்குக் கொண்டாந்து குடுக்கறதுக்காக அவ்ளோ தூரம் நடந்து வந்திருக்கா. கேட்டுச்சி, நல்லா கேட்டுச்சின்னு கையால சொன்னேன். அப்பறம்தான் புள்ளைய வெளிய கூட்டியாந்து காட்டினா, அது மூக்கத் தொட்டுச்சி, நீ வந்து எட்டிப் பாத்த.

அடுத்த வாரம் பாட்டு இல்லாத நேரமா பாத்துப் போவச் சொல்லணும். அதையும் கையாலதான் சொல்லணும், எப்படிக் காட்டறதுன்னு நானும் யோசிச்சிக்கினுதான் இருக்கேன். பாட்டுன்னு காட்டிட்டு இல்லன்னு காட்டினா, பாட்டு புடிக்கலன்னு நெனச்சிக்குவா. அப்பறம் அவளுக்கு மனசு...

இரு, கொழாயில காத்து உஸ்ஸுன்னு வருது பாரு. தண்ணி வந்துடுச்சி. அந்த மல்லாட்டத் தோல அப்படியே வெச்சிடு, நான் வந்து கூட்டிக்கறேன். ஜல்தியா அந்தப் பெரிய கொடத்த மட்டும் இப்படித் தள்ளு.